கோபுரத்துக்கு எதிரே உறங்கும் மருதிருவர்!

சிவகங்கையில் இருந்து தொண்டி செல்லும் சாலையில் நீங்கள் போயிருக்கிறீர்களா? இருபுறமும் கருவேல மரங்கள், பனைகள், மழைக்காகக் காத்துக்கிடக்கும் கண்மாய்கள்... சுமார் 18 கிலோமீட்டர் பயணத்தில், ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே, வானத்தை எட்டிப் பிடிப்பதுபோல் ஒரு ராஜகோபுரம் தரிசனம் தரும். கைகள் தானாகக் குவியும்.

அதுதான் காளையார்கோவில்!

கோயில் வாசலில் இறங்கியதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பீர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அர்ச்சனைத் தட்டுடன் உள்ளே நுழைவீர்கள். எல்லோரும் அப்படித்தான். ஆனால் அடுத்த முறை போகும்போது, உள்ளே செல்வதற்கு முன் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். கோபுரத்துக்கு எதிரே, ஈசனைப் பார்த்தபடி இரண்டு பேர் உறங்குகிறார்கள். அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்கள் அவர்கள். அது இன்று நிற்பதற்குத் தங்கள் உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் என்று ஊர் மக்கள் கைகூப்பிச் சொல்வதும் அவர்களைத்தான்.

பெரிய மருது, சின்ன மருது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது பாண்டியர்கள்!

காளையாக வந்த ஈசன்

முதலில் தலத்தின் பெருமையைத் தெரிந்துகொள்வோம். ஏனென்றால், இந்த மண்ணின் பெருமை தெரிந்தால்தான் மருதிருவரின் மனசும் நமக்குப் புரியும்.

காளையார்கோவிலின் பழைய பெயர் திருக்கானப்பேர். சங்க காலத்திலேயே புகழ்பெற்ற ஊர். ஆழமான அகழியும் உயர்ந்த மதிலும் அடர்ந்த காவற்காடும் கொண்ட கானப்பேர்க் கோட்டையை வேங்கைமார்பன் என்பவன் ஆண்டான் என்றும், உக்கிரப்பெருவழுதி என்ற பாண்டியன் அதை வென்றான் என்றும் புறநானூறு சொல்கிறது. காடும் கோட்டையும் போரும் இந்த ஊரின் தலையெழுத்திலேயே இருந்திருக்கிறது, பாருங்கள்!

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிப் பரவிய தலம் இது. பாண்டிய நாட்டின் பதினான்கு பாடல்பெற்ற தலங்களில் ஒன்று. சேரமான் பெருமாளோடு திருச்சுழியலில் தங்கியிருந்தார் சுந்தரர். அன்று இரவு அவரது கனவில், கையில் செண்டு ஏந்திய அழகிய காளைப் பருவத்து இளைஞனாகத் தோன்றினார் ஈசன். தான் கானப்பேரில் இருப்பதாகச் சொல்லி மறைந்தார். விழித்தெழுந்த சுந்தரர் மனம் உருகி, கானப்பேர் காளையை எப்போது காண்பேன் என்று ஏங்கிப் பாடியபடியே இங்கு வந்து சேர்ந்தார். அதனால்தான் இறைவனுக்குக் காளையார், காளீஸ்வரர் என்ற திருநாமம். நாளடைவில் ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இங்கே ஒரே வளாகத்தில் மூன்று சிவ சந்நிதிகள். சொர்ணகாளீஸ்வரர் – சொர்ணவல்லி. சோமேஸ்வரர் – செளந்தரநாயகி. சுந்தரேஸ்வரர் – மீனாட்சி என மூன்று ஜோடியாக அம்மையும் அப்பனும் அருள்பாலிக்கிறார்கள். கோயிலை ஒட்டி, இந்திரனின் ஐராவதம் தந்தத்தால் தோண்டியதாகச் சொல்லப்படும் ஆனைமடு தீர்த்தம்.

இப்படிப்பட்ட திருத்தலம் ஒரு நாள் போர்க்களமாக மாறியது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

ஆனி மாதத்தில் சிந்திய ரத்தம்

1772-ம் வருடம். சிவகங்கைச் சீமையை ஆண்டவர் முத்துவடுகநாதர். அவருடைய பட்டத்தரசி வேலு நாச்சியார். கப்பம் கட்டவில்லை என்று காரணம் காட்டி, ஆற்காடு நவாப் முகமது அலியின் படையும், அவருக்குத் துணையாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சீமைக்குள் நுழைந்தன. கம்பெனிப் படைக்கு ஜோசப் ஸ்மித், பான்ஜோர் என்ற இரு தளபதிகள். இரு திசைகளில் இருந்து வளைத்தார்கள்.

ஜூன் 25. காளையார்கோவிலில் நடந்த சண்டையில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசர் விழுந்த செய்தி எட்டியபோது, வேலு நாச்சியாருக்கு அழக்கூட நேரமில்லை. மகள் வெள்ளச்சியோடு காட்டு வழியே தப்பித்தாக வேண்டும்!

இந்தத் தருணத்தில்தான் அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளியம்மனின் கதையும் வருகிறது. ராணி போன வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்த உடையாள் என்ற பெண், அங்கேயே வெட்டுண்டு மாய்ந்தாள் என்றும், பிற்பாடு வேலு நாச்சியார் அவள் நினைவாகத் தன் தாலியையே அந்தத் தலத்துக்குக் காணிக்கையாக்கினார் என்றும் பக்தர்கள் சொல்வார்கள். இன்றும் நீதி வேண்டி அந்த அம்மனிடம் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

ராணிக்குத் துணையாக நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர், வயது முதிர்ந்த பிரதானி தாண்டவராய பிள்ளை. மற்ற இருவர்தான் மருது சகோதரர்கள்.

அரச குலத்தில் பிறந்தவர்கள் அல்ல அவர்கள். நரிக்குடி பக்கத்தில் முக்குளம் என்ற கிராமம். தந்தை உடையார் சேர்வை, தாய் ஆனந்தாயி. பெரியவர் பிறந்தது 1748-ல், சின்னவர் 1753-ல். முத்துவடுகநாதரிடம் பணிக்குச் சேர்ந்து, தங்களின் வீரத்தாலும் விசுவாசத்தாலும் அரண்மனையின் நம்பிக்கையைப் பெற்றவர்கள்.

திண்டுக்கல் அருகே விருப்பாட்சியில் அடைக்கலம். மைசூர் ஹைதர் அலியின் ஆதரவு. சிதறிப்போன வீரர்களை ஒவ்வொருவராகத் திரட்டும் வேலை. இப்படியே எட்டு வருடங்கள்! நினைத்துப் பாருங்கள்... எஜமானர் இறந்துவிட்டார், சீமை பறிபோய்விட்டது. சிவகங்கையின் பெயரைக்கூட ஹுசைன் நகர் என்று மாற்றிவிட்டார்கள். எதிரியோடு சமாதானமாகப் போயிருந்தால் மருதிருவருக்கு ஏதாவது ஒரு பதவி கிடைத்திருக்கும். ஆனால், உண்ட உப்பை அவர்கள் மறக்கவில்லை.

1780-ல் சிவகங்கை மீட்கப்பட்டது. வேலு நாச்சியார் அரியணை ஏறினார். பெரிய மருது தளவாய் ஆனார். சின்ன மருது பிரதானி ஆனார். சீமையின் நிர்வாகம் முழுவதும் அண்ணன் தம்பியின் கைக்கு வந்தது.

கை மாறிக் கை மாறி வந்த கற்கள்

அதிகாரம் கைக்கு வந்ததும் அவர்கள் செய்தது என்ன? ஊருணி வெட்டினார்கள். சத்திரம் கட்டினார்கள். கோயில்களுக்குத் திருப்பணி செய்தார்கள்.

அவற்றில் தலையாயது, எஜமானர் உயிர்விட்ட காளையார்கோவிலின் ராஜகோபுரம். பாண்டியர் காலத்துக் கோபுரம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் அருகில், 150 அடிக்கும் அதிகமான உயரத்தில், ஒன்பது நிலைகளோடு புதிய கோபுரத்தை எழுப்பினார்கள் மருதிருவர். இன்று நீங்கள் தூரத்தில் இருந்தே பார்ப்பது அதைத்தான்!

அந்தக் கோபுரத்துக்கான செங்கற்கள் மானாமதுரையில் சுடப்பட்டன என்பார்கள். கடம் செய்யப் பெயர்பெற்ற வைகைக்கரை மண் அல்லவா அது! அங்கிருந்து காளையார்கோவில் வரை மைல் கணக்கில் ஜனங்கள் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி ஒவ்வொரு கல்லாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது இந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மன்னர் கட்டிய கோபுரம்தான். ஆனாலும், சீமையின் ஒவ்வொரு குடும்பத்தின் கைச்சூடும் அதில் இருக்கிறது.

காளையார்கோவில் தேரைப் பற்றிய கதையைக் கேட்டால் உங்கள் கண்கள் கலங்கிவிடும்.

தேர் செய்வதற்குப் பெரிய மரங்கள் தேவைப்பட்டன. திருப்பூவணத்தில், வைகைக் கரையில் ஒரு பிரமாண்டமான மருத மரம் நின்றது. அதை வெட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார் மருது. ஆட்கள் கோடரியை ஓங்கியபோது, அந்த ஊர் குருக்கள் ஓடிவந்து தடுத்துவிட்டார். அரசருடைய ஆணையின் பெயரால் வெட்டக்கூடாது என்று மறித்தும் சொல்லிவிட்டார். அரசர் கட்டளையை அரசரின் பெயரைச் சொல்லியே தடுப்பதா? எல்லோரும் நடுங்கினார்கள். மருது நேரிலேயே விசாரித்தார்.

குருக்கள் பயப்படவில்லை. ஆற்றில் நீராடிவிட்டு வருகிறவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் நிழல் தந்து காக்கிறது இந்த மரம்; சீமையைக் காக்கும் அரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறது; மருது என்ற பெயர் கொண்டது நீடூழி வாழவேண்டும் என்பதால்தான் தடுத்தேன் என்று பணிவாக விளக்கினார். மருதுவின் கோபம் போன இடம் தெரியவில்லை. மரத்தை விட்டுவிடச் சொன்னதோடு, குருக்களுக்கும் மரியாதை செய்து அனுப்பினாராம். தன் கட்டளையைத் தடுத்தவரின் நியாயத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற அரசர்கள் எத்தனை பேர்?

வேறு மரங்கள் வந்தன. தேர் தயாரானது. வெள்ளோட்ட நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்தும் தேர் நகரவே இல்லை. தேரைச் செய்த ஆசாரி மருதுவிடம் வந்தார். இன்று ஒரு நாள் மட்டும் ராஜ மரியாதையைத் தனக்குக் கொடுத்து, அரச கோலத்தில் தேரில் ஏற அனுமதித்தால் தேர் ஓடும் என்றார். கூடியிருந்தவர்கள் திகைத்தார்கள். மருது தயங்கவே இல்லை. ராஜ சின்னங்களை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். அரச கோலத்தில் ஆசாரி தேரில் ஏறி நிற்க, தேர் அசைந்தது... ஓடியது... நிலைக்கு வந்து சேரும் நேரத்தில், மேலே இருந்து தவறி விழுந்து சக்கரத்தில் சிக்கி உயிரைவிட்டார் ஆசாரி.

அந்தத் தேர் ஓடினால் அரசரின் உயிருக்கு ஆபத்து என்பதை அவர் முன்பே கணித்திருந்தாராம். அதனால்தான் அன்று ஒரு நாள் தானே அரசராக இருந்து, அந்த ஆபத்தைத் தான் வாங்கிக்கொண்டார் என்று கதை முடிகிறது. கேட்டுத் துடித்துப்போனார் மருது என்பார்கள்.

அரசருக்காகக் குடிமகன் ஒருவன் உயிர் கொடுத்த கதை இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கோயில் வாசலில், கணக்கைத் தீர்க்கும் இன்னொரு கதையும் நடக்கப்போகிறது.

குன்றக்குடி விபூதி

பெரிய மருது உடல் பலத்தில் நிகரற்றவர். ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரல்களாலேயே வளைத்துவிடுவார் என்று புகழ்பெற்றவர். அப்படிப்பட்டவரையும் ஒரு நோய் படுக்கவைத்துவிட்டது. முதுகில் ராஜபிளவை! வைத்தியர்கள் எத்தனையோ மருந்து கொடுத்தும் குணமாகவில்லை. அப்போது குன்றக்குடி முருகனின் பக்தர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் ஆறுமுகப் பெருமானை வேண்டி, விபூதியை எடுத்துப் புண்ணில் பூசினார். அன்று இரவு மருது நிம்மதியாகத் தூங்கினார். சில நாட்களில் பிளவை ஆறியது.

குன்றக்குடியில் மயில் வடிவ மலை மீது, ஆறுமுகமும் பன்னிரு கரங்களும் கொண்டு, மயில் மேல் அமர்ந்த கோலத்தில் அருள்கிறார் சண்முகநாதர். அந்தச் சந்நிதிக்கு ஓடோடிச் சென்று விழுந்தார் மருது. கோயிலில் திருப்பணிகள் செய்தார். அங்கே அவர் சீர்ப்படுத்திய திருக்குளம் இன்றும் மருதாபுரி என்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. குன்றக்குடிக்குச் செல்லும்போது அந்தக் குளக்கரையில் சற்று நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிவபக்தியில் ஊறிய இந்த சகோதரர்கள், மற்ற சமயத்தவரின் வழிபாட்டையும் தங்கள் பொறுப்பாகவே நினைத்தார்கள். சருகணியில் உள்ள கிறிஸ்தவ ஆலயத்துக்கும் மானியம் கொடுத்திருக்கிறார்கள். சீமையில் வாழும் எல்லோரும் தங்கள் பிள்ளைகள் என்று எண்ணியவர்களுக்கு, கோயில் வேறு, ஆலயம் வேறு என்று தோன்றவில்லை!

ஸ்ரீரங்கத்துச் சுவரில் ஓர் அறிக்கை

1796-ல் வேலு நாச்சியார் மறைந்தார். 1799 அக்டோபரில் கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையில் இருந்து தப்பித்தார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மீண்டும் எழுந்தது. மே மாதம் 24-ம் தேதி, கர்னல் அக்னியூ தலைமையிலான கம்பெனிப் படை அதைக் கைப்பற்றியது. காயங்களோடு வெளியேறிய ஊமைத்துரை வந்து சேர்ந்த இடம், மருதிருவரின் வாசல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இருபது வருடங்களாகப் பார்த்துப் பார்த்துச் செழிக்கவைத்த சீமை. கட்டி முடித்த கோபுரம். பிள்ளைகள், பேரன்கள், ஊருணிகள், வயல்கள்... இத்தனையும் ஒரு தட்டில். அடைக்கலம் என்று வந்து நிற்கும் ஒரே ஒருவர் மற்றொரு தட்டில். ஊமைத்துரையை ஒப்படைக்கவேண்டும் என்பதே கம்பெனியின் கோரிக்கை.

மருதிருவர் ஒப்படைக்கவில்லை!

எட்டு வருடங்கள் விருப்பாட்சியில் பிறர் தந்த அடைக்கலத்தில் வாழ்ந்தவர்கள் அல்லவா? அடைக்கலத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். சிவகங்கைச் சீமை அதைக் கண்ணால் கண்டது.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டைச் சுவரிலும், ஸ்ரீரங்கம் கோயிலின் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் சின்ன மருது. நாவலந்தீவில் வாழும் எல்லா வருணத்தாருக்கும் முஸ்லிம்களுக்கும் என்று பொதுவாக விளித்து, அந்நியரை நம்பி நாட்டை இழந்த கதையைச் சொல்லி, எல்லோரும் ஒன்றுசேர்ந்து போராட அழைத்தது அந்த அறிக்கை. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று சரித்திரத்தில் அது இடம்பெற்றுவிட்டது.

ஊரெல்லாம் கூடும் இடம் என்பதால் அதற்குக் கோயில் மதிலைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அரங்கன் சாட்சியாக இருக்கட்டும் என்றும் எண்ணியிருக்கலாம். எப்படியோ, ஒரு சீமையின் சண்டையாக இருந்ததை, ஜாதி, சமயம் கடந்த பொதுச் சண்டையாக மாற்றிக் காட்டியது அந்தக் காகிதம். வட இந்தியாவில் 1857-ல் சிப்பாய்கள் எழுந்ததற்கு 56 வருடங்களுக்கு முன்பே நடந்தது இது!

காடே மதிலாக...

ஜூலை மாதக் கடைசியில் கம்பெனிப் படை, சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வந்தது. எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று அவருடைய ஆட்களே ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தது கம்பெனிப் படை. பகலில் மரத்தை வெட்டுவார்கள். எந்தப் புதரில் இருந்து எப்போது ஈட்டியும் வளரியும் பறந்துவரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்துக்கும் மேல் போராடியும் முடியவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பியது படை. சங்க காலத்தில் சொல்லப்பட்ட காவற்காடு, இரண்டாயிரம் வருடங்களுக்குப் பிறகும் காளையாரைக் காத்து நின்றது!

ஆயுதத்தால் முடியாததை வேறு வழியில் செய்தது கம்பெனி. சிவகங்கை அரச மரபைச் சேர்ந்த படமாத்தூர் கெளரி வல்லபரை அழைத்துவந்து, செப்டம்பர் மாதம் சோழபுரத்தில் பட்டம் கட்டியது. அரச குலத்தின் உண்மையான வாரிசு யார் என்ற கேள்வி சீமைக்குள் எழுந்தது. மக்களில் ஒரு பகுதியினர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மருதிருவரின் பலம் குறைந்தது.

அக்டோபர் 1. பல திசைகளில் இருந்து ஒரே சமயத்தில் புகுந்த படையிடம் காளையார்கோவில் வீழ்ந்தது. மருதிருவர் காட்டுக்குள் மறைந்தார்கள்.

இங்கேதான் ஊர் மக்கள் குரல் தழுதழுக்கச் சொல்லும் அந்தச் செய்தி வருகிறது. மருதிருவர் சரணடையாவிட்டால், அவர்கள் கட்டிய கோபுரத்தைப் பீரங்கியால் தகர்த்துவிடுவதாக மிரட்டல் வந்ததாம். சீமையே கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்த கற்கள்... ஆசாரி உயிர்கொடுத்து ஓட்டிய தேர் நிற்கும் வாசல்... அவை எல்லாம் தங்களால் அழிவதா? கோபுரம் நிலைக்கட்டும், எங்கள் தலை போகட்டும் என்று அவர்கள் வெளியே வந்தார்கள் என்கிறது செவிவழி வரலாறு. காயம்பட்ட நிலையில் சோழபுரம் காட்டுப் பகுதியில் சின்ன மருது பிடிபட்டார் என்கின்றன ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகள்.

இரண்டையும் படிக்கும்போது ஒன்று மட்டும் தெளிவாகிறது. அடைக்கலம் வந்தவரைக் கைவிட மறுத்த அன்றே, அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நாள் கணக்குதான். கோபுரத்துக்காக அவர்கள் உயிரைக் கொடுக்கக்கூடியவர்கள் என்று ஜனங்கள் இத்தனை தலைமுறையாக நம்புகிறார்களே... அந்த நம்பிக்கையைச் சம்பாதித்ததே அவர்களின் வாழ்க்கை!

திருப்பத்தூரில் ஒரு காலை

1801 அக்டோபர் 24. சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர்க் கோட்டையில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டார்கள். பெரியவருக்கு வயது 52; சின்னவருக்கு 48. உறவினர்களும் துணை நின்ற பலரும் தூக்குக் கயிற்றுக்குப் பலியானார்கள். நவம்பரில் ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

அதோடு முடியவில்லை. 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் தூத்துக்குடியில் கப்பலேற்றி, பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் வீசக் கற்றுக்கொண்டவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. மருதிருவருக்கு எதிரான போரிலும் அவர் இருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு, 1818-ல், பினாங்கில் துரைசாமியைப் பார்த்தபோது, அடையாளமே தெரியாத அளவுக்கு அவர் தளர்ந்துபோயிருந்ததைக் கண்டு மனம் வருந்தி எழுதியிருக்கிறார். பகைவனின் மனதையும் உருக்கிய குடும்பம் அது!

மருதிருவரின் தலைகள் காளையார்கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டு, கோபுரத்துக்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டன என்பது வழிவழியாக வரும் செய்தி. காளீஸ்வரரைப் பார்த்தபடியே இருக்கவேண்டும் என்பதுதான் அவர்களின் கடைசி ஆசை என்பார்கள்.

அவர்கள் கேட்பது...

தூக்கிலிட்டவர்களின் ஆட்சி 1947-ல் போய்விட்டது. கோபுரம் நிற்கிறது. 2004 அக்டோபரில் மருதிருவருக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. வருடந்தோறும் அக்டோபர் 24-ல் திருப்பத்தூர் நினைவிடத்திலும், 27-ல் காளையார்கோவிலில் குருபூஜையாகவும் மக்கள் திரண்டு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கோயிலுக்குச் செய்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகளில் படிக்கிறோம். பொன் கொடுத்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர்கள் என்று பட்டியல் நீளும். உயிர் கொடுத்தவர்களுக்குக் கல்வெட்டு எதற்கு? அந்தக் கோபுரமே கல்வெட்டுதான்!

அடுத்த முறை காளையார்கோவிலுக்குப் போகும்போது, மூன்று ஈசர்களையும் மூன்று அம்பிகைகளையும் தரிசித்து முடித்து, விபூதியை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். எதிரே இருக்கும் சமாதிக்குச் சென்று, ஒரு நிமிடம் கண்மூடி நில்லுங்கள். உடன் வரும் குழந்தைகளுக்கு ஆசாரியின் கதையையும், அடைக்கலத்தின் கதையையும் சொல்லுங்கள். நம்பி வந்தவரை எக்காரணம் கொண்டும் கைவிடக்கூடாது என்பதை அவர்கள் மனதில் பதியவையுங்கள்.

பிறகு திரும்பி, அவர்கள் நிற்கும் இடத்தில் இருந்து கோபுரத்தைப் பாருங்கள். இத்தனை நாள் பார்த்த அதே கோபுரம்தான். ஆனால், இப்போது அது வேறு மாதிரித் தெரியும்!

எப்படிச் செல்வது?

சிவகங்கையில் இருந்து தொண்டி செல்லும் சாலையில் சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ளது காளையார்கோவில். மதுரை, சிவகங்கையில் இருந்து பேருந்து வசதி உண்டு. வைகாசி விசாகமும் தைப்பூசமும் இங்கு விசேஷம். வழியில் கொல்லங்குடி அருகே, அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளியம்மனையும் தரிசிக்கலாம். குன்றக்குடி, காரைக்குடியில் இருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கிருந்து பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூருக்குச் சென்று, திருத்தளிநாதரையும் யோக பைரவரையும் தரிசித்து, மருதிருவரின் நினைவிடத்திலும் அஞ்சலி செலுத்திவிட்டு வரலாம்.